கிணற்றுப் பாடகருக்கு உயிர்ச் சான்றிதழ்

செத்துப்போனவன் பாடக் கூடாது என்று மால்டா புதிய இசைப் பேரவையின் விதிகளில் எங்கேயும் இல்லை. அதை எழுதாமல் விட்டது எவ்வளவு பெரிய பிழை என்று தலைவர் டாக்டர் ரெமிஜியு சம்முத் பிற்பாடு மிகவும் நொந்துகொண்டார். மற்ற எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. மேடையில் கிதார் தந்தி அறுந்தால் அது நிகழ்ச்சியின் பகுதியா இல்லையா, பாடகி தும்மினால் மதிப்பெண் குறைப்பதா, நடுவருக்குக் கொட்டாவி வந்தால் எந்தப் பக்கம் திரும்பி விட வேண்டும், எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள்.

என் பெயர் சென்சு. டிரம்ஸ் அடிப்பவன். அதை வைத்துக்கொண்டு இந்தத் தீவில் ஒரு பூனையைக்கூட வளர்க்க முடியாது என்பதால் ஸெய்த்தூன் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் ஆட்கள் கார் ஓட்டும் லட்சணத்தைப் பார்த்தவர்கள் என்னை மதிக்கமாட்டார்கள். அது கிடக்கட்டும்.

எங்கள் ராக் குழுவுக்கு 'மூன்றாம் கடிகாரம்' என்று பெயர். இங்கே மாதா கோயில் முகப்பில் இரண்டு கடிகாரம் இருக்கும். ஒன்று சரியான நேரம் காட்டும். இன்னொன்று பிசாசு குழம்பிப்போகட்டும் என்று தப்பான நேரம் காட்டும். கட்சியும் இரண்டு, ஊருக்கு ஊர் பேண்டு வாத்தியச் சங்கமும் இரண்டு, எல்லாவற்றிலும் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்கிற ஊரில் மூன்றாவதாக ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எங்கள் பாடகன் விஸ்டின் வைத்த பெயர் அது. நாங்கள் மூன்று பேர். கிதார்க்காரன் மெல்பர்னுக்குப் போய் டைல்ஸ் ஒட்டுகிறான். மிச்சம் நானும் விஸ்டினும்.

பேரவையின் வேலை இதுதான்: உள்ளூர் பாப் பாடகர்களும் ராக் குழுக்களும் போடுகிற பாட்டு புதியதா இல்லையா என்று சான்றிதழ் கொடுப்பது. சான்றிதழ் வாங்கிய பாட்டுகளை வருடத்துக்கு ஒருமுறை, புதிய இசை நாளன்று, எல்லா ரேடியோவும் ஒலிபரப்பும். சான்றிதழ் இல்லாத பாட்டைக் கல்யாணத்தில் பாடலாம், புனிதர் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு நடுவில் யார் காதிலும் விழாமல் பாடலாம், ரேடியோ மட்டும் தொடாது. விஸ்டினுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. அந்த நாளில் அவன் பாட்டு ரேடியோவில் வர வேண்டும், அவன் மனைவி லிபராத்தா அடுப்படியில் எதையோ கிண்டிக்கொண்டிருக்கும்போது தற்செயலாக அது அவள் காதில் விழ வேண்டும். இவ்வளவுதான். வேறு எதையும் அவன் கேட்டதில்லை.

இளம் வயதில் ஒரு பாட்டைக் கொண்டுபோனான். "ரொம்பப் புதுசா இருக்கு தம்பி. ஜனங்களுக்குக் கொஞ்சம் பழகட்டும், அப்புறம் வாங்க" என்றார்கள். நாங்களும் பழக்கினோம். கல்யாணம் கல்யாணமாகப் போய் அதே பாட்டைப் பாடினோம். தலை நரைத்த பிறகு மறுபடி கொண்டுபோனான். "இது எல்லாருக்கும் பழகின பாட்டாச்சே, இதுல என்ன புதுசு?" என்றார்கள்.

நடுவர் குழுவும் இரண்டு, கட்சிக்கு ஒன்று. ஒரு குழுவுக்குப் பிடித்த பாட்டு இன்னொரு குழுவுக்கு ஆகாது. ஆகவே இரண்டு குழுவுக்குமே பிடிக்காத பாட்டு மட்டும்தான் தேறி வெளியே வரும். அதிலும் தப்பிப் பிழைத்தால் பாட்டில் மால்டியத்தன்மை இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அதைச் சோதித்துச் சொல்கிற நிபுணர் ஸ்வீடனில் இருக்கிறார். இங்கே வந்ததில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாதாம்.

போன பிப்ரவரியில் விஸ்டின் தலைநகர் வலெட்டாவில் பேரவையின் நடையில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்துபோனான். மாரடைப்பு. கையில் டோக்கன் இருந்தது. அவன் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எழுந்து வரவில்லை. மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு "வரவில்லை" என்று எழுதி அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள். மதியம் கதவைப் பூட்ட வந்த காவலாளிதான் தோளைத் தொட்டுப் பார்த்தான்.

அடக்கம் முடிந்து, ஊர் ஓய்ந்து, ஈஸ்டரும் போன பிறகு, விஸ்டின் வீட்டில் கிடந்த என் டிரம்ஸை எடுத்துவரப் போனேன். சாப்பிட்டுவிட்டுத் தெருவே தூங்குகிற நேரம். லிபராத்தா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். என்னிடம் கற்றவர்களில் ஒழுங்காக ஓட்டுகிற ஒரே ஆள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம், எதிரே வருகிற பாதிரியாரையும் விட்டுவைக்கமாட்டாள். அவள் முற்றத்தில் மழைநீர்க் கிணற்றின் பக்கத்தில் நாற்காலி போட்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கே, யாரு பாட்டு?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் விளிம்பில் இருந்த ரேடியோவைக் கண்ணால் காட்டினாள். பிளக் பிடுங்கிக் கிடந்தது.

பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. விஸ்டினின் குரல். கட்டைக்குரல், மேலே போகும்போது லேசாகக் கம்மும், அதே கம்மல். பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தால் கிணற்றின் கல்விளிம்புதான் இருந்தது. அதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. "மாதாவே!" என்றேன். லிபராத்தா உதட்டில் விரலை வைத்தாள்.

அந்த விரலுக்கு அர்த்தம் இங்கே குழந்தைக்கும் தெரியும். வீட்டில் தங்கிவிடுகிற ஆவியை நாங்கள் ஹாரெஸ் என்போம். மனசு வைத்தால் ஏதாவது கொடுக்கும். யாருக்குக் கொடுத்ததோ அவர் இன்னார் கொடுத்தது என்று வாயைவிட்டுச் சொன்னால் கொடுத்தது அத்தனையும் கரியாகிவிடும். தங்கக் காசு வாங்கி, அதைத் தங்கைக்காரியிடம் சொல்லிவிட்டு, மடி நிறையக் கரியோடு நின்ற பெண்கள் கதை எல்லாத் தெருவிலும் உண்டு. முனைவர் பட்டம் வாங்கியவன் இதையெல்லாம் நம்பவில்லை என்பான். ஆனால் அவன் வீட்டில் ஏதாவது நடந்தால் அவனும் வாயைத் திறக்கமாட்டான்.

அவன் உயிரோடு இருந்தபோது அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. செத்த பிறகு கட்டியிருக்கிறான். அதைவிடப் புதிய பாட்டு இந்த உலகத்தில் இருக்க முடியாது. என்ன பாட்டு, என்ன வரி என்று கேட்காதீர்கள், என்னால் சொல்ல முடியாது. நடுவில் ஓர் இடம் வரும்போது லிபராத்தா களுக்கென்று சிரித்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பாட்டு முடிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"தண்ணி எப்பவும் இப்படித்தானா?" என்று ஜாடையாகக் கேட்டேன்.

"தண்ணி ஓயறதே இல்ல சென்சு" என்றாள். "நான் எதிர்ல உக்காந்து கேட்டா போதாதாம். தண்ணிக்கு ஊரே கேக்கணுமாம். ரேடியோவுல வர்ற வரைக்கும் அடங்காது. நான் குடும்பம் நடத்தினவ, எனக்குத் தெரியாதா அந்தத் தண்ணிய?"

"உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"இருக்கும்போது பாதி நாள் வீட்டுல இருக்கமாட்டான். இப்ப எந்நேரமும் இருக்கான். ஆனா அவனுக்கு இது ஒரு இருப்பா, சொல்லு? அந்த பெஞ்சுல உக்காந்திருந்த மாதிரியே இங்கயும் உக்காந்திருக்கான். அவனை எழுப்பிவிடணும் சென்சு."

மைக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். நான் அடுப்படியில் டிரம்ஸை வைத்துக்கொண்டு கூடவே அடித்தேன். எத்தனையோ வருடம் அவனுக்கு வாசித்திருக்கிறேன், அவ்வளவு சுத்தமாகத் தாளத்தில் அவன் என்றைக்குமே நின்றதில்லை. வாசிக்கும்போது பயம் தெரியவில்லை. முடிந்த பிறகு குச்சி இரண்டும் கையில் ஒட்டிக்கொண்ட மாதிரி விரல் திறக்க மறுத்தது.

பதிவை எடுத்துக்கொண்டு நான்தான் பேரவைக்குப் போனேன். முன்னறையில் டொலோரெஸ் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அங்கே ரொம்ப நாளாக இருப்பவள்.

"பாடகர் எங்க?"

"அவரால வர முடியாது."

"உடம்பு சரியில்லையா?"

"அப்படியும் வச்சுக்கலாம்."

"வெளியூரா?"

"தூரம்தான்."

"திரும்பி வருவாரா?"

"திரும்பி வந்ததுதாம்மா பிரச்சினையே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நேர்ல வராத கலைஞர் உயிர்ச் சான்றிதழ் தரணும். பங்குச் சாமியார், டாக்டர், போலீஸ், மூணு பேர் கையெழுத்து. உயிரோட இருக்கார்னு."

"மூணு பேரும் வேற மாதிரி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சு" என்றேன். அவள் அதைக் கவனிக்கவில்லை, பதிவைப் போட்டுவிட்டாள். குரல் வந்ததும் அவள் முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஆயிற்று. பிப்ரவரியில் அந்த எண்ணை மூன்று தரம் கூப்பிட்டவள் அவள்தான். எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் நடை வழியாக நடப்பதே இல்லை, தோட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவாள் என்று காவலாளி பிறகு சொன்னான்.

அடுத்த வாரம் தலைவரே நேரில் வந்தார். கள ஆய்வாம். வெயிலில் கோட்டு, காலில் பளபளக்கும் ஷூ, கையில் சான்று வழங்கும் முத்திரை. லிபராத்தா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். டாக்டர் ரெமிஜியு முற்றத்துக்குப் போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். கீழேயிருந்து பாட்டு வந்தது. அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் நீளம்" என்றார்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லிபராத்தா வைத்த பஸ்திட்சிப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"அம்மா, நீங்க எதையும் சொல்ல வேண்டாம். சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும், எங்க பாட்டியும் இந்த ஊர்க்காரிதான். நான் வெளிய சொல்லப்போறதில்ல. செத்தவர் பாட்டுன்னு தெரிஞ்சா பாரம்பரிய இசைப் பேரவைக்காரன் வந்து தூக்கிட்டுப் போயிடுவான். அது வேற அமைச்சகம். விட முடியுமா? இது நம்ம பாட்டு. 'பெயர் வெளியிட விரும்பாத புதிய கலைஞர்'னு போட்டுக்கலாம்."

"அப்ப ரேடியோவுல வருமா?" என்றாள் லிபராத்தா.

"வருமாவா? அம்மா, நான் மனசு விட்டுச் சொல்றேன். இத்தனை வருஷமா எங்க பேரவைக்குப் பெரிய தொல்லையே இந்த உயிரோட இருக்கற கலைஞர்கள்தான். பத்திரிகையில எழுதறான். மேடையில குடிச்சுட்டு ஏறுறான். இந்தக் கட்சி விழாவுக்குப் போனான்னு அந்தக் கட்சி கத்துது. உங்க வீட்டுக்காரர் பாருங்க, எவ்வளவு ஒழுக்கம்! இடத்தை விட்டு நகரல. சாப்பாடு கேக்கல. எந்தக் கட்சிக்கும் ஓட்டு இல்ல. இப்படி ஒருத்தருக்காகத்தான் பேரவை காத்திருந்தது. உயிரோட இருக்கும்போது அவரை நாங்க கவனிக்கலன்னு சொல்றாங்க. கவனிச்சிருந்தா அவர் இந்த நிலைக்கு உயர்ந்திருப்பாரா?"

பிறகு எழுந்து கிணற்றருகே போய்க் குரலை உயர்த்தினார். "விஸ்டின்! நல்ல முயற்சி. ஆனா முதல் பகுதியை எடுத்துடுங்க. நடுவுல அந்தத் தமாஷ் மாதிரி ஒண்ணு வருதே, அதுவும் வேண்டாம், குழுவுக்குப் பிடிக்காது. கடைசியில சுருதியை ஏத்திப் பாடுங்க. இங்கிலீஷ்ல இருந்தா ஸ்வீடன்ல ஒத்துக்குவாங்க. முடியுமா?"

பாட்டு நின்றது. இத்தனை நாளில் அது நடுவில் நின்றதே இல்லை. கிணற்றுக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கீழேயிருந்து விஸ்டின் சொன்னான்.

"சரிங்க."

அந்தச் 'சரிங்க' எனக்கு நன்றாகத் தெரிந்த 'சரிங்க'. இருபது முப்பது வயதில், ஐம்பது வயதில், அந்த நடையில் நின்றுகொண்டு அவன் சொன்ன அதே வார்த்தை. செத்தும் இவன் திருந்தவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. லிபராத்தாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை என்ன சொல்ல. கிணற்றுக்குள்ளிருந்து இங்கிலீஷில் பாட்டு வந்தது. ஒவ்வொரு மதியமும் கொஞ்சம் குட்டையாகி வந்தது. பேரவையிலிருந்து வாரம் ஒருவர் வந்து கிணற்றுக்குள் தலையை விட்டுக் குறை சொல்லிவிட்டுப் போவார். ஒரு கட்சிக் குழு வந்து சோகத்தைக் குறைக்கச் சொன்னது. மறு கட்சிக் குழு வந்து சோகத்தைக் கூட்டச் சொன்னது. இரண்டுக்கும் "சரிங்க" என்று பதில் வந்தது. வருடத்துக்கு ஒரு டஜன் பாட்டு தர வேண்டும், மற்ற பாடகர்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்று டாக்டர் ரெமிஜியு திட்டம் போட்டுவிட்டார். வீட்டையே பேரவை எடுத்துக்கொள்ளுமாம். லிபராத்தாவுக்கு வேறு இடத்தில் லிப்ட் வைத்த பிளாட் கொடுப்பார்களாம்.

ஒருநாள் போனபோது பாட்டே கேட்கவில்லை. அதைவிட மோசமானது ஒன்று கேட்டது. ஒரு வரியைப் பாடிவிட்டு, நிறுத்தி, சின்னப் பையன் வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி ஒரு குரல்.

"இப்ப புதுசா இருக்கா?"

லிபராத்தா கிணற்று விளிம்பில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். "இருக்கு விஸ்டின். ரொம்ப நல்லா இருக்கு. கண்ணை மூடு" என்றாள்.

இன்னொரு வரி. "இப்ப புதுசா இருக்கா?"

"காலையில இருந்து இதேதான் சென்சு. நான் சொன்னா அவன் காதுல ஏறவே இல்ல. கோட்டுப் போட்டவன் சொல்லணுமாம்."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. டிரம்ஸ் அடிக்கிற கை, ஆனால் அந்தக் கேள்விக்கு நடுவில் ஒரு தட்டுக்கூடத் தட்ட முடியவில்லை. தெருவுக்கு ஓடிவந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

புதிய இசை நாள் வந்தது. பேரவைக்காகப் புதிய வடிவத்துக்கு நான் மறுபடி டிரம்ஸ் அடித்திருந்தேன். அன்று லிபராத்தாவை வலெட்டாவுக்கு என் காரில்தான் கூட்டிப்போனேன். 'ஒலியமைவுள்ள வளாகத்தின் உரிமையாளர்' என்று அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. பாதி வழியில் அவள் சொன்னாள்:

"நான் சொல்லிடலாம்னு இருக்கேன்."

பிரேக்கை அழுத்திவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரனை அடித்து என் வம்சத்தையே வாழ்த்தினான். "பைத்தியமா உனக்கு? கரியாயிடும்டீ! அது அவனோட கடைசிப் பாட்டு!"

"தெரியும்."

"ஒரு வரி மிஞ்சாது லிபராத்தா. அவன் குரல் மிஞ்சாது. நீ தினமும் உக்காந்து கேட்டியே, அதுவும் போயிடும். இவ்வளவு வருஷம் அவன் எதுக்குப் பாடுனான்? உனக்கு இதுல என்ன மிச்சம்?"

"உனக்குப் பாட்டு பெருசு. எனக்கு அவன் பெருசு" என்றாள். "அவனை உயிரோட வச்சுக் கெஞ்ச விட்டாங்க, பாத்துக்கிட்டு இருந்தேன். செத்தும் கெஞ்சறதைப் பாக்கச் சொல்றியா? வண்டிய எடு. பின்னால ஹாரன் அடிக்கிறான்."

வண்டியை எடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

பேரவையின் மண்டபம் முன்பு தீவை ஆண்ட சிலுவை வீரர்கள் காலத்தது. கூரை முழுக்கப் போர் ஓவியம். ஒரு பக்கம் ஒரு கட்சி, மறு பக்கம் மறு கட்சி, நடுவில் ரேடியோக்காரர்கள். நேரடி ஒலிபரப்பு. கட்டைவிரல் அளவு பஸ்திட்சியைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அதன் உள்ளே ரிக்கோத்தாப் பாலாடைக்கட்டி இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. டொலோரெஸ் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் ஜெபமாலையோடு நின்றாள்.

டாக்டர் ரெமிஜியு பேசினார். "புதிய இசை என்பது என்ன? அது யாரையும் திடுக்கிட வைக்கக் கூடாது. கேட்டவுடன் ஏற்கெனவே கேட்டது போல இருக்க வேண்டும். அதே சமயம் யாரும் கேட்டிருக்கவும் கூடாது. இந்த உயர்ந்த லட்சியத்தை உயிருள்ள எந்தக் கலைஞராலும் எட்ட முடியவில்லை. இன்று ஒருவர் எட்டியிருக்கிறார். அவர் மிக ஆழமானவர்." கைதட்டினார்கள். அவரும் கைதட்டிக்கொண்டார்.

பாட்டைப் போட்டார்கள். விஸ்டினின் குரல் அந்த மண்டபத்தில் எழும்பியபோது, இங்கிலீஷாக இருந்தாலும், நறுக்கப்பட்டிருந்தாலும், என் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டது. தீவு முழுக்க, மீன் கடையிலும் பஸ்ஸிலும் முடி வெட்டுகிற இடத்திலும் அது கேட்டுக்கொண்டிருந்தது. அவன் ரேடியோவில் வந்துவிட்டான். நான் லிபராத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடித் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தாள். அவள் சிரிக்கிற இடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அதை வெட்டியிருந்தார்கள். பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. லிபராத்தா கண்ணைத் திறந்தாள், எழுந்தாள், நடந்துபோய் தலைவரின் மைக்கைப் பிடித்தாள். இறக்கத்தில் பிரேக் இல்லாமல் வருகிற வேனைப் பார்த்தவர்களைப் போல எல்லாரும் ஒதுங்கினார்கள்.

"என் பேரு லிபராத்தா" என்றாள். "ஸ்கூல் வேன் ஓட்டுறேன். இப்ப நீங்க கேக்குற பாட்டைப் பாடுறது என் புருஷன் விஸ்டின். பிப்ரவரியில இதே கட்டடத்துல, அந்த நடையில, கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருந்து செத்துப்போனான்."

"அம்மா, அம்மா, நேரடி ஒலிபரப்பு!" என்று டாக்டர் ரெமிஜியு அவள் கையைப் பிடித்தார்.

"கையை எடுய்யா. செத்த பிறகு எங்க வீட்டுக் கிணத்துல இருந்து இந்தப் பாட்டை எனக்குக் கொடுத்தான். எனக்குத்தான் கொடுத்தான். நான் வாங்கிக்கிட்டேன். இதோ, ஊரறியச் சொல்லிட்டேன்." அவள் குரல் அப்போதுதான் லேசாக உடைந்தது. "போதும் விஸ்டின். இனிமே யாருக்கும் பாடிக் காட்ட வேணாம்."

வெடிச்சத்தம், புகை என்று ஒன்றும் இல்லை. குரல் நின்றது. விளக்கை அணைத்த மாதிரி, இருந்தது, இல்லை. டொலோரெஸ் "ஐயோ" என்றாள். ஒலிப்பெட்டியின் வலைத்துணி கறுத்துக்கொண்டே வந்தது. தலைவர் பாட்டைத் திருத்தி எழுதி வைத்திருந்த தாள் அவர் கையிலேயே பொடிந்தது. விரலெல்லாம் கரி. வியர்வையைத் துடைத்தார், நெற்றியிலும் கரி. நான் அந்த மெட்டை மனசுக்குள் தேடினேன். பல்லுக்குள் நாக்கை விட்டுத் தேடுகிற மாதிரி தேடினேன். இல்லை. ஒரு வரியும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஆனால் டிரம்ஸ் நிற்கவில்லை. அது கிணறு கொடுத்ததல்லவே, நான் அடித்தது. குரல் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி என் தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவன் மூச்சு வாங்குவதற்காக நான் விட்ட இடைவெளி வந்தது. அந்த இடைவெளியில் மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. யாரும் பாடவில்லை. மறுபடி தாளம் ஓடிற்று. இல்லாத ஆளுக்குக் கடைசிவரை வாசித்துவிட்டு நின்றது.

பிறகு ஒரு கட்சிக் குழுவின் தலைவர் கைதட்டினார். மறு கட்சிக்காரர் பின்தங்கிவிடக் கூடாதே என்று எழுந்து நின்று கைதட்டினார். பேரவையின் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டு குழுவும் ஒத்துப்போயின. வரி இல்லை, ஆகவே யாரையும் புண்படுத்தவில்லை. மொழி இல்லை, ஆகவே ஐரோப்பாவுக்குப் போகும். ஸ்வீடனிலிருந்து போனிலேயே சம்மதம் வந்தது, மால்டியத்தன்மை நிரம்பியிருக்கிறதாம். டாக்டர் ரெமிஜியு கரி பூசிய முகத்தோடு மைக்குக்கு வந்து, "இதைத்தான் நாங்கள் இத்தனை ஆண்டுகளாகத் தேடினோம்" என்றார். அது உண்மைதான் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு 'வளர்ந்துவரும் இளம் கலைஞர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். மூட்டுவலியோடு மேடை ஏறி வாங்கினேன். கீழே இறங்கியதும் நடையில் இருந்த அந்த பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஸெய்த்தூனுக்குத் திரும்பினோம். கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, ஆனால் அதை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் போய் முற்றத்தில் நின்றோம். மதியம். தெரு தூங்கிக்கொண்டிருந்தது. லிபராத்தா கிணற்றுக்குள் குனிந்து பார்த்தாள். கூப்பிடவில்லை. நானும் காது கொடுத்துக் கேட்டேன். தண்ணீர் வெறும் தண்ணீராகக் கிடந்தது. யாரும் 'இப்ப புதுசா இருக்கா' என்று கேட்கவில்லை.

அவள் நிமிர்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், வீடு தன்னுடையதுதானா என்று சரிபார்ப்பவள் மாதிரி.

"போயிட்டான் சென்சு" என்றாள்.

"ம்."

"அவன் செத்ததுல இருந்து நான் ஒரு சொட்டு அழல, தெரியுமா? எப்படி அழுவேன்? கீழ இருந்து அவன் கேட்டுக்கிட்டே இருந்தானே. தன் பாட்டு நல்லா இல்லைன்னுதான் அழறேன்னு நினைச்சுக்குவான்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து வீடுகளில் ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறக்க, தெருவே எழுந்து வந்து கேட்க, வாய்விட்டு அழுதாள்.